சொல்லும் கணக்கும்

தாராவியில் வாழும் நம் குடும்பங்களுக்கு 1-1-2000 என்பது நாட்காட்டியில் கிழித்தெறியப்பட்ட ஒரு தாள் அன்று. மகாராஷ்டிர அரசின் குடிசைச் சீரமைப்புத் திட்டங்களில் இலவச மாற்று வீட்டுக்கு உரியவர் யார், உரியவர் அல்லாதவர் யார் என்று பிரிக்கும் எல்லைக்கோடு அது. முன்னர் அக்கோடு 1-1-1995 ஆக இருந்தது. 2014-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதனை 1-1-2000 எனத் தள்ளி வைத்தது. இடைப்பட்ட அவ்வைந்து ஆண்டுகளில் நெல்லைச் சீமையினின்றும் பிற மாவட்டங்களினின்றும் இங்கு வந்து குடியேறியோர் பலர் என்பதை 90 அடிச் சாலையின் இருமருங்கும் உள்ள சந்துகளில் நடந்தவர் யாவரும் அறிவர்.

அத்திருத்தத்திற்குப் பின் நம் சங்கத்தார், குடும்பங்களுக்கு வழிகாட்டும் சிறு வெளியீடு ஒன்றினைத் திருத்தி அச்சிட்டோம். எட்டே பக்கம். எந்தெந்தச் சான்றுகளைத் தேடி எடுத்து வைக்க வேண்டும், குடும்ப அட்டை போதுமா, மின்கட்டணச் சீட்டு உதவுமா என்பன போன்ற செய்திகள் அதில் இருந்தன. அவ்வெட்டுப் பக்கங்களில் தகுதிக்குரிய நாள் பதினோர் இடங்களில் வந்தது. பத்து இடங்களில் மாற்றினோம். ஆறாம் பக்கத்தின் அடியில், வினா-விடைப் பகுதியில், பழைய 1995 அப்படியே நின்றுவிட்டது. எத்தனை குடும்பங்கள் தகுதி பெறக்கூடும் என நாம் கணக்கிட்ட பட்டியலோ வேறொரு கோப்பில் இருந்தது; அதில் நாள் சரியாகவே இருந்தது. கணக்கு ஒன்று சொல்ல, கட்டுரை வேறொன்று சொல்லிற்று.

1997-இல் குடிவந்தமைக்குச் சான்று வைத்திருந்த அம்மையார் ஒருவர் படித்தது அந்த ஆறாம் பக்கத்தைத்தான். ‘நமக்குக் கொடுப்பினை இல்லை’ என்று தாள்களையெல்லாம் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மூன்று திங்கள் கழித்து அவருடைய பேத்தி அவ்வெளியீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தாள். “மாமா, முதல் பக்கத்தில் 2000 என்று இருக்கிறது, ஆறாம் பக்கத்தில் 1995 என்று இருக்கிறது. இதில் எது உண்மை?” என்று அக்குழந்தை கேட்டபோது நாம் தலைகுனிந்து நின்றோம்.

பிழை நம்முடையதே, அதனை அச்சுக்கோத்தவர் தலையில் ஏற்றுவதற்கில்லை. ஆயினும் அன்று முதல் ஓர் ஐயம் நம்மை விடவில்லை. ஒரே செய்தியைப் பதினொரு முறை கையால் எழுதத்தான் வேண்டுமா? ஒருமுறை எழுதி, அதற்கொரு பெயரிட்டு, உரையிலும் கணக்கிலும் அப்பெயரையே வழங்கினால் என்ன? வினவிப் பார்த்தபோது, இவ்வெண்ணம் நமக்கு முன்னரே பலருக்கும் தோன்றியிருந்தது தெரிய வந்தது. அதன் வேர்களில் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே ஓடுகிறது என்பதையும் கண்டு வியந்தோம். அந்த வரலாற்றையே அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் பாட்டு வகுப்புக்குச் செல்லும் நம் பிள்ளைகள் முதன்முதற் பயில்வது மாயாமாளவகௌளை இராகத்தில் சரளிவரிசை. அவ்விராகத்தின் பெயருக்குள் ஓர் எண் ஒளிந்திருப்பதை எத்தனை பெற்றோர் அறிவர்? வடமொழியெழுத்து முறையில் பகர வரிசையின் ஐந்தாம் எழுத்து மகரம். ஆகவே ‘மா’ என்பது 5. யகர வரிசையின் முதலெழுத்து யகரம். ஆகவே ‘யா’ என்பது 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 15. மேளகர்த்தா இராகங்கள் 72-இல் மாயாமாளவகௌளை பதினைந்தாவது. மேசகல்யாணியும் அவ்வாறே: ‘மே’ 5, ‘ச’ 6, திருப்பிப் படிக்க 65. இதற்குக் கடபயாதி முறை என்று பெயர். பாடுவோனுக்கு அது பெயர். எண்ணுவோனுக்கு அது எண். இரண்டையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டியதில்லை. ஆகவே ஒன்றோடொன்று முரண்படவும் வழியில்லை. (நம் தமிழெழுத்தில் ஒரே ககரம் நான்கு ஒலிகளுக்கும் நிற்றலின், இம்முறை கிரந்தம் முதலிய எழுத்துகளைச் சார்ந்தே நடந்தது. அதற்கு ஈடாக நம்மவர் எழுத்தையே எண்ணாக வழங்கினர். எட்டும் காலும் சேர்ந்தால் ‘அவ’ என்றாகிவிடும் வேடிக்கையை ஔவையார் கதை கேட்டவர் மறந்திரார்.)

இசையில் அழகுக்காக நிற்கும் இம்முறை, வானநூலில் உழைப்புக்காக நின்றது. திங்கள் நாள்தோறும் வானில் எவ்வளவு நகர்கிறது என்பதைச் சொல்ல 248 வாக்கியங்கள் இருந்தன. அவற்றை வரருசி என்பார் பெயரால் வழங்கினர். ஒவ்வொரு வாக்கியமும் பொருளுள்ள சிறு தொடர். மனப்பாடம் செய்ய எளிது. அதனையே எண்ணாக விரித்தால் அந்நாளின் திங்கள் நிலை கிட்டும். முதல் வாக்கியம் தருவது 12 பாகை 3 கலை. 248 என்ற எண் எங்கிருந்து வந்தது எனின், திங்கள் நிலவுலகுக்கு மிகத் தொலைவில் நிற்கும் இடத்தினின்று புறப்பட்டு மீண்டும் அவ்விடம் சேர ஏறக்குறைய இருபத்தேழரை நாள் ஆகிறது. அத்தகைய சுற்று ஒன்பது முடிந்தால் 248 நாள், ஒரு சிறு பிசிறு மட்டும் குறைய. பட்டியல் அங்கே முடிந்து மறுபடி முதலினின்று தொடங்கும். இவ்வாக்கிய முறையை விளக்கும் ‘வாக்கியகரணம்’ என்னும் நூலை டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியாரும் கே.வி. சர்மாவும் பதிப்பிக்க, 1962-இல் சென்னைக் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் வெளியிட்டது.

இனி, புதுச்சேரிக்குச் செல்வோம். பிறப்பால் பிரெஞ்சுக்காரரும் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவருமான ஜான் வாரன் என்பார், தென்னாட்டவர் காலத்தைக் கணிக்கும் முறைகளை ஆராய்ந்து ‘காலசங்கலிதா’ என்னும் பெருநூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார். அவருக்குப் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் கிடைத்தார். அத்தமிழர் கையில் ஓலையும் இல்லை, தாளும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். நெஞ்சில் நின்ற வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் நகர்த்தினார். 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த திங்கள் மறைப்பினைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் வேறுபாடு 4 நிமிடமே. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். 1952-இல் அறிவியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கெபாயர் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதி, இக்கணக்கின் மரபு பாபிலோனியக் களிமண் ஏடுகள் வரை பின்னோக்கிச் செல்வதை எடுத்துக் காட்டினார். துல்லியத்தினும் அவரைக் கவர்ந்தது, அத்துணைத் தொன்மையான ஒரு மரபு 1825-இல் உயிரோடு இருந்தது என்பதே.

வாரன் எழுதி வைத்த மற்றொரு செய்தியும் உண்டு. அந்தத் தமிழருக்குத் தாம் செய்யும் கணக்கின் காரணம் தெரியாது. வானநூற் கொள்கைகளை அவர் கற்றவர் அல்லர். எந்த அடியின்பின் எந்தச் சோழியை நகர்த்துவது என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அவரை இகழ்வார் இகழ்க. நாம் அதற்கு உடன்படோம். இன்றைய கணினியும் அதனையேதான் செய்கிறது. காரணம் அறியாது, சொன்ன வரிசையில், சொன்னதைச் செய்கிறது. ஆயின் ஓர் இடர் உண்டு. காரணம் ஏட்டில் இல்லாது எண் மட்டும் ஏட்டில் நின்றால், அவ்வெண் பழையதாகிவிட்டதை எவர் அறிவார்?

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. பாம்புப் படம் போட்ட வாக்கியப் பஞ்சாங்கம் வைத்திருப்போரும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வைத்திருப்போரும் ஒரே சாலில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கின்றனர். 2023-இல் திருக்கணிதப்படி சனிப் பெயர்ச்சி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. வானில் உள்ள சனி ஒன்றுதான்! ஒரு முறை, முன்னோர் வகுத்த மதிப்புகளைப் பெரிதும் அவ்வாறே கொண்டு நடக்கிறது. மற்றது, புதிய அளவீடுகளைக் கொண்டு ஆண்டுதோறும் மறுபடி கணிக்கிறது. வழிபாட்டுக்கு எதனைக் கொள்வது என்பது அவரவர் குடும்ப வழக்கம். அதில் தலையிடுவது நம் கருத்தன்று. எழுதி வைத்த விடைக்கும் எழுதும்போதே பிறக்கும் விடைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டுவதே நம் கருத்து. நம் வெளியீட்டின் ஆறாம் பக்கத்தில் நின்ற 1995 முன்னதைச் சேர்ந்தது.

காரணத்தையும் கணக்கையும் ஒரே ஏட்டில் வைக்க வேண்டும் என்று நம் காலத்தில் உரக்கச் சொன்னவர் அமெரிக்கப் பேரறிஞர் டொனால்டு நூத். நூல்களை அழகுற அச்சுக்கோக்கும் ‘டெக்’ என்னும் கணினி நிரலை அவர் எழுதினார். அதனை எழுதுகையில் ‘வெப்’ என்றொரு முறையையும் வகுத்து, 1984-இல் ஒரு கட்டுரை வாயிலாக உலகுக்கு விளக்கினார். நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளை மட்டுமன்று. மாந்தர் படித்தற்குரிய இலக்கியமும் ஆகும் என்பது அவர் கோட்பாடு. ஒரே கோப்பில் உரைநடையும் நிரலும் கலந்து கிடக்கும். ‘வீவ்’ என்னும் கருவி அதனை நெய்து மனிதர் படிக்கும் நூலாக்கும். ‘டாங்கிள்’ என்னும் கருவி அதனையே கணினி படிக்கும் சிக்கலாக்கும். பாவும் ஊடும் ஒன்றே. துணி மட்டும் இரண்டு. தம் நூல்களில் பிழை கண்டு சொல்வோருக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசளிப்பது அவர் வழக்கம். நம் சங்கமும் அவ்வாறு அறிவித்திருந்தால் அப்பேத்தியின் கையில் இன்று ஒரு நல்ல தொகை சேர்ந்திருக்கும்!

நூத் வகுத்தது நிரலை விளக்கும் முறை. நிரலின் விடை தானாகவே உரைக்குள் வந்து அமர்வது அடுத்த படி. 2002-இல் பிரீட்ரிக் லைஷ் என்பவர், புள்ளியியலார் வழங்கும் ‘ஆர்’ மொழிக்கென ‘எஸ்வீவ்’ என்ற கருவியை வெளியிட்டார். நெசவுப் பெயர் விடாது தொடர்ந்தது. 2012-இல் இஹுய் ஷீ என்பவர் அதன் வழிவந்த கருவிக்குப் பின்னலைக் குறிக்கும் ‘நிட்டர்’ என்ற பெயரையே இட்டார். இவற்றில் கட்டுரையின் வாக்கியத்தின் நடுவே, எண் நிற்க வேண்டிய இடத்தில், எண்ணை எழுதுவதில்லை. அதன் பெயரை எழுதி ஒரு குறியிட்டு விடுகின்றனர். அச்சாகும் வேளையில் கணினி கணக்கைச் செய்து, விடையை அவ்விடத்தில் பதிக்கிறது.

வாரன் கண்ட சோழிக்காரரை நினைவூட்டும் வகையில், இத்துறையில் மற்றொரு கருவியைத் தந்தவரும் வானியலாளரே. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் ‘ஆர்க் மோட்’ என்பதனைத் தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள உருவாக்கினார். பின்னர் எரிக் ஷுல்ட், டான் டேவிசன் ஆகியோர் அதனுள் ‘பேபல்’ என்ற பகுதியை வளர்த்தனர். 2012-இல் அதனை விளக்கி ஆய்விதழில் எழுதினர். அதில் ஓர் அட்டவணைக்குப் பெயரிடலாம். அவ்வட்டவணையை ஒரு கணினி மொழியில் எழுதிய நிரல் பெயர் சொல்லி அழைத்துப் பயன்படுத்தும். அதன் விடையை வேறொரு கணினி மொழியில் எழுதிய நிரல் பெற்றுக்கொள்ளும். இது நமக்குப் புதுமையன்று. தாராவியில் தோல் வாங்க வந்தவர் இந்தியில் விலை கேட்க, கடைக்காரர் தமிழில் தம்பியிடம் வினவ, தம்பி மராத்தியில் எழுதிய சீட்டைப் பார்த்துச் சொல்கிறான். மொழிகள் மூன்று, தொகை ஒன்று.

இக்கோப்புகள் யாவும் வெறும் எழுத்தாலானவை. தட்டச்சுப் பொறியில் அடித்தாற்போல் எழுத்தும் இடைவெளியும் தவிர வேறு ஒப்பனை அவற்றில் இல்லை. எனவே எக்கணினியிலும் திறக்கலாம். எந்த நிறுவனத்தின் அருளும் வேண்டா. இரண்டு படிகளை அருகருகே வைத்து எந்த வரி மாறிற்று என்றும் காணலாம். நம் சங்கம் போன்ற சிறிய அமைப்புகளுக்கு இது பெரும்பேறு.

செயல்முறையை நம் வீட்டுக் கணக்கிலேயே விளக்குவோம். சங்கத்தின் கல்வி நிதிக்குக் குடும்பத்திற்கு 250 ரூபாயாக 40 குடும்பங்கள் கொடுத்தன என்று கொள்வோம். கோப்பின் தலையில் ‘நன்கொடை’ என்ற பெயருக்கு எதிரே 250 என்றும், ‘குடும்பம்’ என்ற பெயருக்கு எதிரே 40 என்றும் ஒருமுறை எழுதுகிறோம். பள்ளிக் கணக்கில் மாறி என்று சொல்வது இதனைத்தான். மதிப்பு மாறலாம், பெயர் மாறாது. ‘மொத்தம்’ என்பது அவ்விரண்டின் பெருக்கம் என்று நிரல் சொல்கிறது. செயலாளர் அறிக்கையில் ‘இவ்வாண்டு திரட்டிய தொகை’ என்று எழுதி, எண்ணுக்கு மாறாக ‘மொத்தம்’ என்ற பெயரை இடுகிறோம். பொருளாளர் பட்டியலிலும் அதே பெயர். அச்சில் இரண்டு இடத்திலும் 10,000 என்று வரும். மலர் அச்சுக்குப் போகும் முதல்நாள் இரவு நாற்பத்தொன்றாம் குடும்பம் கதவைத் தட்டினால் (நம் சங்கத்தில் இது தவறாது நடக்கும்) 40 என்பதை 41 என்று ஓரிடத்தில் மாற்றினால் போதும். எல்லா இடத்திலும் 10,250 ஆகிவிடும். பொதுக்குழுவில் எழுந்து, “அறிக்கையில் ஒரு தொகை, பட்டியலில் ஒரு தொகை, நடுவே உள்ளது எங்கே போயிற்று?” என்று எவரும் கேட்க வழியிராது. ஊர் விட்டு ஊர் வந்து உழைத்துச் சேர்த்த காசு அது. எத்தனை சங்கங்கள் இத்தகைய ஒரு கேள்வியால் இரண்டாகப் பிரிந்தன என்பதைப் பழைய அன்பர்கள் அறிவர்.

கணக்கு ஓரிடத்திலும் கட்டுரை வேறிடத்திலும் இருப்பதால் அறிஞருக்கும் இழுக்கு வந்ததுண்டு. 2010-இல் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியலறிஞர், நாட்டின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டை மீறினால் வளர்ச்சி தேய்ந்து சராசரி 0.1 விழுக்காடு சரிவாகிறது என்று எழுதினர். பல அரசுகளின் சிக்கன நடவடிக்கைகளுக்கு அது மேற்கோளாயிற்று. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களுடைய கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுத்த வரிசையில் அகர முதலாக நின்ற ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதனோடு, சில ஆண்டுகளை விட்டமையும் நாடுகளுக்கு நிறை அளித்த முறையும் சேர்ந்து விடையை மாற்றியிருந்தன. ஹெர்ண்டனும் அவர்தம் ஆசிரியர்களும் கண்ட விடை 2.2 விழுக்காடு வளர்ச்சி. மூன்றாண்டுக் காலம் கட்டுரையைப் படித்தோர் பலர். கணக்கைக் கண்டோர் அரியர்.

புதிய முறையில் குறையே இல்லை என்று சொல்லுவோமாயின் அது விளம்பரமாகும். பதினோர் இடங்களில் எழுதினால் பிழை ஓரிடத்தில் நிற்கும். ஓரிடத்தில் எழுதினால் அப்பிழை பதினோர் இடங்களிலும் பரவும். நம் வணிகர்கள் நாள்வழியிலும் பேரேட்டிலும் ஒரே தொகையை இருமுறை பதிந்தது அறியாமையால் அன்று. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிப்பதற்கே. ஆகவே தலைப்பில் எழுதும் அந்த ஒரு வரியை இருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது நம் துணிபு. மற்றுமொன்று: இக்கருவிகளுள் சிலவற்றில், மதிப்பை மாற்றியபின் நிரலை மறுபடி ஓட்டாவிடில் பழைய விடையே கோப்பில் நிற்கும். அப்போது திருக்கணிதம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது வாக்கியமாகிவிடும். அச்சுக்கு அனுப்புமுன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை முழுதும் ஓட்டிப் பார்ப்பதே இதற்கு மருந்து.

இவற்றைக் கற்கப் பெரும்பணம் வேண்டா. மேற்சொன்ன கருவிகள் யாவும் விலையின்றிக் கிடைப்பன. நமக்கு அண்மையிலேயே, பவாயில் உள்ள பம்பாய் ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தார், இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒலியோடு வழங்கி வருகின்றனர். மேல்வகுப்புப் பிள்ளைகள் விடுமுறையில் சில மாலைகள் செலவிட்டால் அடிப்படை கைவரும்.

நம் வழிகாட்டி வெளியீடு இப்போது சங்க நூலகத்துக் கணினியில் ஒரே கோப்பாக இருக்கிறது. அதன் தலையில் ‘தகுதிநாள்’ என்ற பெயரும், எதிரே 1-1-2000 என்ற மதிப்பும் ஒருமுறை மட்டும் எழுதப்பட்டுள்ளன. பதினோர் இடங்களிலும் பெயரே நிற்கிறது. தகுதியுடைய குடும்பங்களை எண்ணும் கணக்கும் அதே பெயரையே கேட்டு வாங்குகிறது. கோப்பை அமைத்துத் தந்தவள் அந்தப் பேத்திதான். அவளுடைய பாட்டியின் தாள்கள் பெட்டியினின்று வெளியே வந்து, படியெடுத்து, வரிசைப்படுத்தி வைக்கப்பட்டுள்ளன. 2024 மார்ச்சில் தாராவியில் தொடங்கிய கணக்கெடுப்பின்போது அவர்கள் வீட்டிலும் ஓர் எண்ணை எழுதிச் சென்றார்கள். அவ்வெண்ணைப் பாட்டி ஒரு தாளில் குறித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். பேத்தி அதனைக் கோப்பில் ஒருமுறை எழுதியிருக்கிறாள்.